மாப்பிள்ளை ஏறிய படகில் பெற்றோல்

தம்பிமாரே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, நீங்கள் வெட்கப்பட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். சான்றிதழைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிற மூன்று பேர் சேர்ந்து, பழைய அவுட்போட் மோட்டர் ஒன்றைக் கழற்றி, போனில் எவனோ செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பூட்டி, கடைசியில் கையில் நாலு ஆணி மிஞ்சி நின்று முழித்ததை நான் போன மாதம்தான் பார்த்தேன். அந்த ஆணிகளை என்ன செய்தார்கள் என்றும் பார்த்தேன். மோட்டர்க்காரன் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் சட்டைப் பைக்குள் போட்டார்கள். யார் என்று நான் சொல்லவில்லை. இதை வாசிக்கும்போது முகம் சிவக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

இந்த வாவிக்கரையில் மோட்டர் வைத்திருந்தவர்கள் என்னை 'பாஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். என் பேர் பாதிப் பேருக்குத் தெரியாது. கைவேலை தெரிந்தவனுக்கு இங்கே அதுதான் பேர். தண்ணீருக்குள் மூன்று நாள் கிடந்த மோட்டரைத் தூக்கி வந்து நாலாம் நாள் ஓட வைத்திருக்கிறேன். கொம்பனிக்காரன் "இதற்குச் சாமான் இல்லை, பழைய இரும்புக்குப் போடுங்கள்" என்று சொன்ன மோட்டர்கள் எத்தனையோ இன்றைக்கும் தண்ணீரில் இரைகின்றன. அவற்றை ஓட வைத்தவன் நான். இதில் அடக்கம் காட்ட எனக்கு ஒன்றும் இல்லை. அடக்கம் என்பது செய்ய ஒன்றும் தெரியாதவர்களுக்கு நல்ல சட்டை.

ஆனால் இன்றைக்கு என் திறமையைப் பற்றி எழுத வரவில்லை. அதை ஊர் சொல்லும். இது என் பிழையைப் பற்றியது. ஒரே ஒரு பிழை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆட்கள் செத்திருக்கக்கூடிய பிழை ஒன்றே ஒன்றுதான்.

அதற்கு முன் என் மூக்கைப் பற்றி. நாற்பது வருடம் பெற்றோலுக்குள் கிடந்து என் மூக்கு பெற்றோலுக்குச் செத்துவிட்டது. மீன் மணக்கும், மல்லிகை மணக்கும், பக்கத்து வீட்டுக் கோழிக்கறி நன்றாகவே மணக்கும். பெற்றோலை மூக்குக்கு நேரே பிடித்தாலும் தண்ணீர் மாதிரித்தான். இதை நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். "எனக்கென்னத்துக்கு மூக்கு? கண் காணும்" என்பேன். கேட்டவர்களும் தலையை ஆட்டினார்கள். இந்த ஊரில் கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் எதற்கும் தலையை ஆட்டுவார்கள்.

சில வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம். மழை விட்டும் வெள்ளம் வடியவில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் வட்டையெல்லாம் கடல் மாதிரிக் கிடந்தது. வீதியில் இடுப்பளவு தண்ணீர், பஸ் ஓடவில்லை. விடியற்காலை ஆறு மணிக்குத் தேற்றாத்தீவிலிருந்து தவராசா போன் எடுத்தான். அவனிடம் பதினைந்து குதிரை வலு மோட்டர் பூட்டிய பைபர் படகு ஒன்று இருந்தது. மோட்டருக்கு அவனுடைய மூத்த மகனைவிட வயது அதிகம்.

"பாஸ், கெதியா வாங்க. மோட்டர் ஒழுகுது. மாப்பிள்ள வேற கரையில வந்து நிக்கார்."

"மாப்பிள்ளையும் ஒழுகுறாராடா?"

"பகிடி விடாதீங்க பாஸ். பத்தே முக்காலுக்குள்ள தாலி. பழுகாமத்துக்குப் போகோணும்."

போனேன். ஆற்றங்கரையில் பார்த்தால் கோயில் திருவிழா. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம், உங்களுக்கும் அது தெரியும். படகின் இரண்டு பக்கமும் குலையோடு வாழைமரம் கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டு, உள்ளே பலகைக்கு மேல் பாய் விரித்து, பாய்க்கு மேல் வெள்ளை வேட்டி விரித்திருந்தார்கள். கரையில் சாம்பிராணிச் சட்டி புகைந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை சுதாகரன் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தான். வியர்த்து ஊற்றியது. பயலைக் குற்றம் சொல்ல முடியாது. கட்டாரில் வேலை. லீவு முடிய இன்னும் எட்டு நாள். பேசி வைத்து நாலு வருடமான கலியாணம். நம்முடைய பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குப் போக வேண்டும், பெண் ஆற்றைத் தாண்டி வர மாட்டாள். இந்த முகூர்த்தம் தப்பினால் அடுத்த நல்ல நாள் வரும்போது அவன் கட்டாரில் நிற்பான். திரும்பி வர இரண்டு வருடம். பெண்ணைப் பெற்றவர்கள் ஏற்கெனவே நாலு வருடம் பொறுத்தவர்கள். இன்னும் இரண்டு பொறுப்பார்களா என்று கேட்க அங்கே யாருக்கும் துணிவில்லை.

வேறு வழியும் இல்லை. உழவு மெசினில் சமையல் பாத்திரங்களோடு விடிய முன்னே புறப்பட்டவர்கள் பாதி வழியில் தண்ணீருக்குள் நிற்பதாகச் செய்தி வந்திருந்தது. மற்றப் படகுகளெல்லாம் வெள்ளத்தில் அகப்பட்ட ஆட்களுக்குச் சாமான் கொண்டுபோக விடிய முன்னே போய்விட்டன. அந்த வெள்ளத்துக்கும் தண்ணீர் இழுப்புக்கும் கம்பு ஊன்றிப் போனால் கலியாணச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்துக்குத்தான் போய்ச் சேரலாம். ஆக, தவராசாவின் கிழட்டு மோட்டர்தான் எல்லாம்.

மூடியைக் கழற்றினேன். உள்ளே மஞ்சள் சவுக்காரம் அப்பிக் கிடந்தது, கரையான் புற்று மாதிரி.

"இதென்னடா, மோட்டரக் குளிப்பாட்டினயா?"

"ஒழுகின இடத்துக்கு அப்பின நான் பாஸ். சவுக்காரம் பெற்றோலுக்குக் கரையாதுதானே."

"அது கரையாது. உன்ட மூளதான் கரைஞ்சி போயிருக்கு."

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க ஆள் இருந்தால் கை இன்னும் வேகமாக ஓடும். அது என் குணம். மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் சிரிக்கவில்லை. பெரிய போடியார், நிலக்காரர், ஒரு வட்டை முழுவதும் அவருடைய சொல்லுக்கு நடக்கும். எல்லோருக்கும் அவர் 'அம்மான்'. கையில் மணிக்கூட்டைப் பிடித்தபடி என் தலைக்கு மேல் நின்றார்.

"எவ்வளவு நேரம் பாஸ்?"

"உங்கட நிழல் கொஞ்சம் விலகினா அரை மணித்தியாலம் அம்மான். நிண்டா ஒரு மணித்தியாலம்."

நிழல் விலகியது. ஆனால் ஆலோசனைக்காரர் வந்து நின்றார்கள். ஒருவர் மெழுகு உருக்கி ஊற்றச் சொன்னார். ஒருவர் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றச் சொன்னார். வீடியோ எடுக்க வந்த பொடியன், அவனும் உங்களைப் போல, போனைத் தட்டிவிட்டு "அண்ணே, இது காபரேட்டர்தானாம்" என்றான். "யார் சொன்ன?" என்று கேட்டேன். போனைக் காட்டினான். அந்தப் போனையே வந்து கழற்றச் சொன்னேன்.

ஒழுக்கு இரண்டு இடத்தில் இருந்தது. மோட்டருக்குள் போகும் பெற்றோல் குழாய் கிளிப் இறுக்கிய இடத்தில் வெடித்திருந்தது. பில்டர்க் கிண்ணத்தின் றப்பர் வளையம் வயது போய் அப்பளம் மாதிரி உடைந்தது. எப்படிச் சரிசெய்தேன் என்று எழுதினால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். அதோடு அது உங்கள் போனிலேயே இருக்கிறது. எட்டே காலுக்கு வேலை முடிந்தது. பம்பைப் பிசைந்து பெற்றோலை ஏற்றி, வெள்ளைத் துணியால் குழாய் முழுதும் துடைத்து, அந்தத் துணியை அம்மானின் முகத்துக்கு முன்னால் விரித்துக் காட்டினேன்.

"பாருங்க. ஒரு சொட்டு இரிக்கா? இனி இந்த மோட்டரில ஒரு சொட்டு விழுந்தா நான் மோட்டர் தொடுறத்தயே விட்டுர்றன்."

கரையில் யாரோ கையும் தட்டினார்கள். தம்பிமாரே, வேலை முடிந்த பிறகு கை தட்டுகிற இடத்தில் அதிக நேரம் நிற்காதீர்கள். நான் நின்றேன்.

எல்லோரும் ஏறினார்கள். மாப்பிள்ளை, தோழன், அம்மான், வீடியோக்காரன், தாம்பாளத் தட்டுகளோடு நாலு பெண்கள். மாப்பிள்ளை கட்டாரிலிருந்து கொண்டுவந்த சென்ட் போத்தல் கைமாறிக் கைமாறிப் போனது. தவராசாகூடத் தன் கழுத்தில் அடித்துக்கொண்டான். கரையிலிருந்து சாம்பிராணிப் புகை, கழுத்தில் மல்லிகை மாலை, மேலே சென்ட். அந்தப் படகில் எவனுக்காவது மூக்கு வேலை செய்திருந்தால்தான் அதிசயம்.

அம்மான் ஒரு தேங்காயின் மேல் கற்பூரக் கட்டிகளை வைத்துக்கொண்டு மோட்டருக்கு முன்னால் வந்து குந்தினார். திருத்திய மோட்டர் முதலில் ஓடும்போது கற்பூரம் கொளுத்தி மூன்று தரம் சுற்றிக் காட்டித் தேங்காய் உடைப்பது இந்தக் கரையில் வழக்கம். நானே எத்தனையோ பேரைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். உடைத்த தேங்காயில் பாதி எனக்கு வரும் என்பதும் ஒரு காரணம்.

அந்த நேரம் மோட்டருக்குப் பக்கத்தில் இருந்த இராசம்மா மாமி, மாப்பிள்ளையின் தகப்பனுடைய தங்கச்சி, எழும்பிச் சத்தம் போட்டா.

"ஐயோ, என்ட சாறி! இஞ்ச பாருங்ககா, கரையெல்லாம் நனைஞ்சி போச்சு. பாய்க்குக் கீழ தண்ணி."

பச்சைப் பட்டுச் சேலை. விளிம்பில் ஒரு சாண் நனைந்திருந்தது. நான் அந்த நனைவைப் பார்த்தேன். தண்ணீர் நனைத்தால் பட்டு கறுக்கும், கறுப்பு அப்படியே நிற்கும். இது பார்த்துக்கொண்டிருக்கவே ஓரத்திலிருந்து காய்ந்து வந்தது. பாய் விலகிய இடத்தில், பலகை நீக்கலுக்குள், தண்ணீரின் மேல் மயில் கழுத்து நிறம் மிதந்தது.

குழாய் ஒழுகியது. ஒழுகிய பெற்றோல் எங்கே போனது? இந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. அது கீழே போயிருந்தது. மழைத் தண்ணீரோடு சேர்ந்து, பலகைக்கு அடியில், பாய்க்கும் வெள்ளை வேட்டிக்கும் பட்டுச் சேலைகளுக்கும் கீழே, படகு முழுதும் நின்றது. அதற்கு மேலே அம்மான் தீப்பெட்டியைத் திறந்தார்.

இப்போது நான் செய்ததைக் கவனியுங்கள். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

'நிறுத்துங்கள்' என்று கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் வெள்ளைத் துணியை விரித்துக் காட்டியவன் நான். கை தட்டல் இன்னும் காதில் இருந்தது. அதனால் கொஞ்சம் தந்திரமாகக் காரியத்தை முடிக்கலாம் என்று பார்த்தேன்.

"அம்மான், இந்தக் காத்துக்குக் கற்பூரம் நிக்காது. அங்கால போய் அடிப்பம்."

"காத்தா? வாழை இல ஆடுதா பாரு." குச்சியை உரசினார். மாரி ஈரம், மருந்து உதிர்ந்தது. பற்றவில்லை.

"இல்ல அம்மான், புதுசாப் பூட்டின றப்பர். கிட்ட சூடு படப்படாது."

"சூடு படப்படாத மோட்டர் எப்பிடி ஓடும்? நீ என்ன, பாஸா பூசாரியா?" இரண்டாவது குச்சி. அதுவும் ஈரம்.

இன்னும் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாள் முழுக்கப் பேசுகிற இந்த வாய்! மூன்றாவது குச்சியும் முறிந்தது. வீடியோக்காரன் படத்துக்கு நல்ல இடம் பார்த்தபடி, சட்டைப் பைக்குள் கைவிட்டு, "இந்தாங்க ஐயா, லைட்டர்" என்று நீட்டினான்.

லைட்டர் ஈரத்துக்கு முறியாது.

பாய்ந்து அம்மானின் மணிக்கட்டைப் பிடித்தேன். போடியாரின் வெள்ளைச் சட்டைக் கையில் என் ஐந்து விரலும் எண்ணெயில் பதிந்தன.

"கொளுத்த வேணாம்! பலகைக்குக் கீழ பெற்றோல் நிக்குது. பிழை என்னது. நான் பாக்கல்ல. எல்லாரும் இறங்குங்க."

அவ்வளவுதான். காற்று என்றேன், றப்பர் என்றேன், ஒரு ஆள் அசையவில்லை. 'பிழை என்னது' என்றதும் ஒன்பது பேர் ஒரு வார்த்தை பேசாமல் தாம்பாளத்தோடு முழங்கால் தண்ணீருக்குள் இறங்கினார்கள். மற்றவனைக் குற்றம் சொல்லியிருந்தால் நின்று விசாரித்திருப்பார்கள். காரணம் சொல்லியிருந்தால் வாதாடியிருப்பார்கள். பெருமைக்காரன் ஒருவன் தன் வாயால் தன் பிழையைச் சொன்னால், நிலைமை உண்மையிலேயே மோசம் என்று எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது. அந்தப் பலன் அடக்கமானவனுக்குக் கிடைக்காது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சாம்பிராணிச் சட்டியைத் தூரக் கொண்டுபோகச் சொன்னேன். லைட்டரைப் பறித்து என் மடியில் கட்டினேன். பிறகு தவராசாவிடம் திரும்பினேன்.

"எத்தன நாளாடா ஒழுகுது?"

"ஒரு கிழம இரிக்கும் பாஸ்."

"ஒரு கிழமையா! ஏழு நாளா! ஏன்டா காலையில சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லியே பாஸ்."

அவனை அந்தத் தண்ணீருக்குள்ளேயே அமுக்கலாம் போல் இருந்தது. ஆனால் அவன் சொன்னது சரி. வைத்தியரிடம் போனால் 'எத்தனை நாளாக இருமல்?' என்று கேட்பார், மருந்து பிறகு. நான் மருந்தை முதலில் கொடுத்தவன். கேட்பதற்குப் பதிலாகச் சவுக்காரத்தைப் பார்த்துப் பகிடி விட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மான் என் பக்கம் வந்தார். சட்டைக் கையைக் காட்டவில்லை, மணிக்கூட்டைக் காட்டினார். எட்டரை.

"ஒரு சொட்டு விழுந்தா மோட்டர் தொடமாட்டன் எண்டாய்."

"இனி விழாது அம்மான். விழ வேண்டியது முந்தியே விழுந்திட்டு."

"வாய் மட்டும் குறையல்ல உனக்கு. என்ட மருமகன்ட கலியாணம் நிண்டிச்செண்டா, இந்தக் கரையில உன்ன ஒரு சைக்கிள் திருத்தவும் விடமாட்டன்."

அது வெறும் பேச்சு இல்லை. அவரால் முடியும். ஆனால் என் கண் அவருக்குப் பின்னால் நின்ற சுதாகரனிடம் இருந்தது. அவன் தலைப்பாகையைக் கழற்றித் தோழனிடம் கொடுத்தான். பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினான். படகுக்குள் ஏறி முதல் பலகையைத் தூக்கியவன் மாப்பிள்ளைதான்.

தோழன் ஓடிப்போய் யாரோ வீட்டிலிருந்து பற்றரியில் ஓடும் தண்ணீர்ப் பம்பு ஒன்றைத் தூக்கி வந்தான். "அண்ணே, இது அஞ்சி நிமிசத்தில இறைச்சிரும்."

"வயரக் கொழுவக்குள்ள ஒரு பொறி பறந்தா, அஞ்சி நிமிசம் என்னத்துக்கு? அரை நிமிசத்தில எல்லாம் முடிஞ்சிரும். கொண்டுபோய் அங்கால வை."

அவனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. நல்ல எண்ணத்தோடு வருகிறவனைத் தடுப்பதுதான் அவசரத்தில் பெரிய கஷ்டம். கெட்ட எண்ணத்தோடு யாரும் பம்பு தூக்கி வர மாட்டார்கள்.

பிளாஸ்டிக் போத்தலை வெட்டி அள்ளினோம். ஆற்றுக்குள் ஊற்றவில்லை, கேன்களில் நிரப்பிக் கரையேற்றினோம். மிச்சத்தைப் பழைய சாரன் துணிகளால் ஒற்றி எடுத்தோம். அதற்குப் பிறகு தவராசாவின் அரைக்கட்டிச் சவுக்காரம் அதற்கென்று உண்டாக்கிய வேலையைச் செய்தது. தேய்த்துக் கழுவி, திரும்ப அள்ளி, எல்லாப் பலகையையும் கரையில் அடுக்கி, படகைக் காற்றுக்குத் திறந்துவிட்டோம். மணி ஒன்பதேகால்.

இனிச் செய்ய வேலை இல்லை, காத்திருப்பதுதான் வேலை. ஸ்பானர் பிடிக்க எவனும் பழகலாம், மணிக்கூட்டோடு ஒரு போடியார் எதிரே நிற்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு நாற்பது வருடம் வேண்டும்.

"காணும், போதும், எல்லாம் காஞ்சிட்டு" என்றார் அம்மான்.

"காஞ்சது தண்ணி அம்மான். புகை மாதிரி மிஞ்சி நிக்கிறது கண்ணுக்குத் தெரியா. அதுதான் பத்தும்."

"அப்ப எப்பிடித்தான் தெரியும்?"

"மணந்துதான்."

"மணந்து பாரன்."

குனிந்தேன். படகின் அடியில் முகத்தை வைத்து, பெரிய பாஸ் மாதிரி, மூச்சை இழுத்தேன். ஒன்றும் மணக்கவில்லை. 'சரி, ஏறுங்க' என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். எனக்கு எப்படி மணக்கும்? ஒரு கிழமை பெற்றோல் நிரம்பி நின்றபோதே மணக்காத மூக்கு! காலையில் செய்த அதே பிழையை ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்பச் செய்யப் போனேன்.

நிமிர்ந்தேன்.

"எனக்குப் பெற்றோல் மணக்காது அம்மான். மூக்குச் செத்து எத்தனையோ வருசம். வேற ஒரு ஆள் மணந்து சொல்லோணும்."

கரையில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், அடைத்தது திறந்தது போல எல்லோரும் சிரித்தார்கள். காலையில் எனக்காகச் சிரித்த அதே ஆட்கள். இப்போது என்னைப் பார்த்து. பரவாயில்லை, சிரிக்கும்போது எவனும் படகில் ஏறத் துடிக்கவில்லை.

சென்ட் அடித்தவர்களின் மூக்கை நம்ப முடியாது. சென்ட் போத்தலை வாங்காமல் தள்ளிவிட்ட ஒரே ஆள் இராசம்மா மாமி. சென்ட் மணந்தால் தலையிடிக்குமாம். அப்படிப்பட்ட மூக்குத்தான் எனக்கு வேண்டும்.

"மாமி, நீங்க வந்து மணந்து பாருங்க."

"எனக்கென்ன விசரா? சாறியும் போச்சு, இனி நாய் மாதிரி மணக்கவும் வேணுமா?"

"அத்த, எனக்காக" என்றான் சுதாகரன். அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

மாமி சேலையைச் சொருகிக்கொண்டு ஏறினா. முன்பக்கத்திலிருந்து தொடங்கி, முழங்காலில் நின்று, ஒவ்வொரு மூலையாக மணந்துகொண்டு போனா. நடுவுக்கு வந்ததும் "இஞ்ச கொஞ்சம் இரிக்கி" என்றா. தேய்த்தோம். அம்மான் "காணும் இராசம்மா, வா, நேரம் போகுது" என்றார்.

"நீங்க பேசாம நில்லுங்க. நான் சொன்னாத்தான் காணும்."

ஒரு போடியாரை அப்படிப் பேச அந்தக் கரையில் வேறு யாருக்கும் வாய் இருந்ததில்லை. பின்பக்கம் போனா. மோட்டர் பூட்டிய மூலையில் மூக்கைச் சுளித்துக்கொண்டு பின்வாங்கினா. "இதுக்குள்ளதான் கிடக்கு. பொல்லாத மணம்."

நாங்கள் தூக்க மறந்த கடைசிக் குட்டிப் பலகை. அதற்குக் கீழே, ஒழுக்குக்கு வைத்த ஒரு சாக்குத் துண்டு. ஒரு கிழமைப் பெற்றோலைக் குடித்து ஊதிக் கிடந்தது. தவராசாவைப் பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தான். நான் கேட்கவில்லைதானே.

அதையும் எடுத்துக் கழுவினோம். மாமி இன்னும் இரண்டு தரம் சுற்றினா. ஒன்பதே முக்காலுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தா.

"இப்ப ஆத்துத் தண்ணியும் மீனும்தான் மணக்குது. ஏறுங்க."

அம்மான் என்னைப் பார்த்தார். தேங்காயும் கற்பூரமும் இன்னும் கையில் இருந்தன. சடங்கை விடவும் அவருக்கு மனம் இல்லை, கேட்கவும் பயம்.

"மோட்டரக் கரையில இரிந்தும் கும்பிடலாம் அம்மான்" என்றேன். "அந்த மணலில, தூரத்தில கொளுத்துங்க. மோட்டருக்குக் கண் தெரியும்."

இருபது பாகத் தூரத்துக்கு அப்பால், பூவரச மரத்துக்குக் கீழே மணலில் கற்பூரம் கொளுத்தி, மோட்டர் இருந்த பக்கமாகச் சுற்றிக் காட்டி, தேங்காயைக் கல்லில் அடித்தார். எனக்குப் பாதி கொடுக்கவில்லை. "நீயும் ஏறு" என்றார். "பத்தினா முதலில நீ."

மோட்டருக்குப் பக்கத்தில் எண்ணெய்ச் சாரனோடு போய் இருந்தேன். மாமி படகின் முன் நுனியில், மோட்டரிலிருந்து எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரத்தில் இருந்தா. கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பு. எனக்குப் பெருமைப்பட அன்றைக்குக் கிடைத்தது அந்த ஒரு இழுப்புத்தான், ஆகவே அதைத் திரும்பச் சொல்கிறேன்: ஒரே இழுப்பு. ஆறு முழுதும் மிதக்கிற குப்பையும் வெள்ள இழுப்பும். பாதி வழியில் வேகத்தைக் கூட்டச் சொல்லி அம்மான் கத்தினார். கிழட்டு மோட்டர், அன்றைக்குத்தான் குழாய் மாற்றியது. கூட்டவில்லை. திரும்ப ஒரு ஒழுக்கை நடு ஆற்றில் உண்டாக்க எனக்கு விருப்பமில்லை. அவரும் இரண்டாம் தரம் கத்தவில்லை. காலையில் என்றால் கத்தியிருப்பார்.

பழுகாமத்துக் கரையில் பெண் வீட்டார் குடையும் மேளமுமாகத் தண்ணீருக்குள் இறங்கி நின்றார்கள். பத்து மணி இருபது நிமிடம். வாசலில் பெண்ணின் தம்பி செம்புத் தண்ணீரோடு மாப்பிள்ளையின் காலைக் கழுவக் குந்தினான். ஒரு காலைப் பிடித்தவன், முகத்தைச் சுளித்து மேலே பார்த்தான்.

"என்ன மச்சான் இது? காலெல்லாம் பெற்றோல் மணக்குது."

சுதாகரன், கால் கழுவுகிறவனுக்குப் போடும் வழக்கப்படி, அவன் விரலில் மோதிரத்தைப் போட்டபடி, "மணக்கட்டும் மச்சான். பத்தல்லதானே" என்றான்.

எண்ணெய்ச் சட்டைக் கையோடு பக்கத்தில் நின்ற அம்மான், அன்றைக்கு முதல் தரமாகச் சிரித்தார்.

தாலி கட்டும்போது மணி பத்து நாற்பத்தொன்று. முகூர்த்தம் முடிய இன்னும் நாலு நிமிடம் இருந்தது. அந்த நாலு நிமிடம் என் கைவேலையால் மிஞ்சியது, அதில் ஒருவனும் பங்கு கேட்க வர வேண்டாம். அதற்கு முன் கரையில் வீணாகப் போன ஒன்றேகால் மணித்தியாலமும் என்னுடையதுதான். அதிலும் ஒருவனுக்கும் பங்கு கிடையாது.